கரடியனாற்றுக் கச்சானும் மாமாங்கத்து அல்வாவும்

2010 ஆடி மாதம். மாமாங்கக் கோயிலின் அமாவாசைத் தீர்த்தத்துக்கு மூன்று நாள் இருந்தது. காலை ஆறு மணி கடந்து சில நிமிடங்களில் கொழும்புக் கோட்டையிலிருந்து மட்டக்களப்பு ரயில் புறப்பட்டது. மூன்றாம் வகுப்புச் சீட்டு இருநூற்று எழுபது ரூபாய். என்னிடம் இருந்தவை ஒரு துணிப்பையும், கொட்டாஞ்சேனையில் மனைவி கட்டித் தந்த இடியப்பப் பொதியும்தான்.

என் தொழிலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இனிப்புத் தொழிற்சாலை ஒன்றில் டொஃபிக்குப் பாகு காய்ச்சும் பகுதியின் மேற்பார்வையாளன் நான். பத்தொன்பது வருடமாகச் சீனிப் பாகின் முன்னால் நிற்கிறேன். எங்கள் பகுதியில் வேலை செய்யும் வரதன் கடந்த இரண்டு வருடமாக ஆடிக்கு ஊருக்குப் போய்த் திரும்பும்போது, அவனுடைய அக்கா செய்த கச்சான் அல்வாவில் ஒரு பொட்டலம் கொண்டு வருவான். வேர்க்கடலையைத்தான் எங்கள் நாட்டில் கச்சான் என்கிறோம். அல்வா என்றதும் நெய் ஒழுகும் மெத்தென்ற பண்டத்தை நினைக்கக் கூடாது. இது பாகில் இறுகிய கடலைத் தகடு. உடைத்தால் 'டக்' என்று உடையும், பல்லில் ஒட்டாது. குளிரூட்டிய அறை, வெப்பமானி, குளுக்கோஸ் எல்லாம் வைத்திருந்தும் மழைக்காலத்தில் எங்கள் டொஃபி கசிந்து காகிதத்தோடு ஒட்டிக்கொள்ளும். வாவிக்கரையில் விறகடுப்பு வைத்திருக்கும் ஒரு பெண்ணுக்கு மட்டும் இது எப்படிக் கைகூடுகிறது?

"இந்த முறை எனக்கு லீவு இல்ல. நீங்க அக்காவிட்டயே போய்க் கேளுங்களன்" என்றான் வரதன். சண்டை முடிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. கிழக்குப் பக்கம் நான் அதுவரை போனதே இல்லை. கிளம்பிவிட்டேன்.

பொலன்னறுவை தாண்டியதும் பெட்டியில் பேச்சு தமிழாக மாறியது. எதிரில் இருந்தவர் கல்குடாவுக்குப் போகும் மீனவர். வலைக்கு மிதப்புகள் வாங்கிக்கொண்டு திரும்புகிறார். ஜன்னல் வழியாகக் காய்ந்த அனல் காற்று அடித்தது. நான் கைலேஞ்சியால் முகத்தை மூடியதைப் பார்த்துச் சிரித்தார்.

"இதுதான் கச்சான்" என்றார்.

"கச்சான் என்றால் கடலை அல்லவா?"

"அதுவும் கச்சான், இதுவும் கச்சான். மேற்கால அடிக்கிற காத்துக்கு நாங்க கச்சான் எண்டுதான் சொல்லுற. இந்தக் காத்து எழும்பினா எங்களுக்குக் கடல் ஒரு மாதிரி, கமக்காரனுக்குக் கடலை புடுங்குற காலம். எதுக்கு எது பேர் குடுத்தது எண்டு கேக்காதீங்க. என்ட அப்பாவுக்கே தெரியாது."

தென்னமெரிக்காவில் பிறந்து கப்பலேறி வந்த ஒரு கடலைக்கு, எங்கள் நாட்டுக் காற்றின் பெயர்! சிங்களத்திலோ அதை வெளிநாட்டு முந்திரி என்ற பொருளில் 'ரட்டகஜு' என்பார்கள். கையோடு கொண்டுபோன குறிப்புப் புத்தகத்தில் முதல் வரியாக இதை எழுதினேன்.

மாலை மூன்றரைக்கு மட்டக்களப்பு. நிலையத்திலிருந்து திராய்மடுவுக்கு ஆட்டோ இருநூறு ரூபாய். சுனாமியில் வீடிழந்தவர்களுக்காகக் கட்டிய குடியிருப்பு அது. ஒரே அச்சில் வார்த்த வீடுகள். வரதனின் அக்கா வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமம் இருக்கவில்லை. வறுத்த கடலை வாசனை தெரு முனையிலேயே கையைப் பிடித்து அழைத்துப் போனது.

தங்கமலர் அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். உயரம் குறைவு, குரல் பெரிது. வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் நாவலடியில் அவருடைய வீடு இருந்தது. 2004 மார்கழியில் வந்த அலையில் வீடு போனது, கணவர் போனார். நாலு வருடம் அடுப்பில் பாகு வைக்கவில்லை. 2008இல்தான் மறுபடி மாமாங்கத் திருவிழாவில் கடை போட்டாராம். இதை அவர் இரண்டு வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டு, "மறுகா, தேத்தண்ணி குடிக்கிறீங்களா தம்பி?" என்றார். 'பிறகு' என்பதற்கு அங்கே 'மறுகா'.

அன்று மாலையே ஒரு வார்ப்பு காய்ச்சினார். நான் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். கடலையைச் சூட்டு மணலில் வறுத்து, சாக்கில் போட்டுத் தேய்த்து, சுளகில் புடைத்துத் தோல் நீக்கி வைத்திருந்தார். சீனிப் பாகு கொதிக்கும்போது அரைத் தேசிக்காய் பிழிந்தார். பாகு பூத்துச் சீனியாகத் திரும்பாமல் இருக்கத்தான் அந்தப் புளிப்பு. நாங்கள் குளுக்கோஸ் சேர்ப்பதும் அதற்கே. பாகு பதமாகிவிட்டதா என்று பார்க்க ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீர்க் கோப்பைக்குள் விட்டு, காதைக் கிட்டக் கொண்டுபோனார்.

"கோப்பையில முட்டுற சத்தம் கேக்கோணும். கண்ணாடி மாதிரி."

எங்கள் வெப்பமானி நூற்று நாற்பத்தைந்து பாகை காட்டும் இடம் அது. அவர் சரியாக அங்கேதான் கடலையைக் கொட்டினார்.

ஆறியதும் ஒரு துண்டை உடைத்து நான் வாயில் போட்டேன். பாகு பிரமாதம். ஆனால் மூன்றாவது கடியில் நாக்கின் அடியில் ஒரு கசப்பு. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கசக்குதுதானே?"

"கொஞ்சம்" என்றேன்.

"கடையில வாங்கின கச்சான். எத்தின மாசம் களஞ்சியத்தில கிடந்ததோ. தம்பி, நீங்க கொழும்பில திண்டு புகழுற அல்வா இரிக்கே, அது அல்வாவே இல்ல. கரடியனாத்துக் கச்சான் போட்டுச் செஞ்சாத்தான் அது அல்வா."

கரடியனாறு திராய்மடுவிலிருந்து முப்பது கிலோமீட்டர்கூட வராது. வீதியும் திறந்திருந்தது. பிறகு ஏன் போய் வாங்கவில்லை என்று கேட்டேன். அவர் அகப்பையில் ஒட்டிய பாகைச் சுரண்டிக்கொண்டிருந்துவிட்டுப் பேசத் தொடங்கினார்.

வாவிக்கு மேற்கே, சூரியன் படும் பக்கம், படுவான்கரை. கிழக்கே எழுவான்கரை. சண்டைக் காலத்தில் இரண்டு கரையும் இரண்டு ஆட்சி. கரடியனாற்றில் பொன்னையா என்ற கமக்காரர் ஒவ்வோர் ஆடியிலும் கடலைச் சாக்கைச் சைக்கிளில் கட்டி, செங்கலடிக்குப் பக்கத்திலுள்ள கறுத்தப் பாலத்துச் சோதனைச் சாவடியில் மணிக்கணக்காக நின்று, சந்தைக்குக் கொண்டு வந்து அவரிடம் கொடுப்பாராம். பதினோரு வருடம் அப்படி. சுனாமிக்குப் பிறகு பார்க்கவில்லை. 2007இல் படுவான்கரைச் சனமெல்லாம் இடம்பெயர்ந்து வந்தபோது முகாம் முகாமாக விசாரித்தார். 'கரடியனாத்துப் பொன்னையா ஷெல்பட்டுச் செத்துப்போனார்' என்று ஒருவர் சொன்னார்.

"அவர்ட மனிசி யோகம் அக்காட முகத்தில எப்பிடித் தம்பி முழிக்கிற? போகாம இருந்தா, ஒருவேளை இருக்கிறார் எண்டாவது நினைச்சுக்கொண்டிருக்கலாம்."

என் வாய் சும்மா இருக்கவில்லை. "நான் கூட வாறேன். நாளைக்கே போவோம்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

மறுநாள் காலை ஏழேகாலுக்கு நவாஸின் ஆட்டோ வாசலில் நின்றது. ஏறாவூர்க்காரர்; அக்காவின் சீனி மூட்டைகளை ஏற்றி இறக்குபவர். போய் வர ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் என்று பேசினோம். வழியில், இந்தக் கல்லுப் பண்டத்துக்கு யார் அல்வா என்று பெயர் வைத்தது என்று நவாஸிடம் கேட்டேன்.

"அரபில ஹல்வா எண்டா இனிப்பு, அவ்வளவுதான் அண்ணன். மெத்தெண்டு இரிக்கோணும் எண்டு ஒரு சட்டமும் இல்ல. எங்கட ஊருப் பொடியன் ஒருத்தன் கட்டார்ல இரிக்கான். அங்க எள்ளு அரைச்சுச் செய்யிற ஹல்வாவக் கடிச்சா மா மாதிரி உதிருமாம். பேரு ஒண்டு, குடும்பம் பெரிசு."

ஏறாவூரில் அவர் நிறுத்திப் பிளேன்ரீ வாங்கித் தந்தார். என்னைப் பணம் கொடுக்க விடவில்லை. செங்கலடிச் சந்தியில் இடப்பக்கம் பதுளை வீதியில் திரும்பினோம். கறுத்தப் பாலத்தில் சாவடிக் கொட்டில் இன்னும் இருந்தது. சிப்பாய் ஒருவர் எங்களை நிறுத்தாமல் கையசைத்துப் போகச் சொன்னார். அக்கா பாலம் முடியும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தார். பிறகு இரு பக்கமும் வட்டை, அதாவது வயல்வெளி. கண்ணுக்கு எட்டும்வரை நெல். தலை நிமிர்த்திப் பார்த்த எருமைகள். புதிதாக வேய்ந்த கூரைகள், கூரையே இல்லாத சுவர்கள்.

எட்டரை மணி. கரடியனாற்றுச் சந்தியில் ஒரு பெட்டிக்கடையில் நவாஸ் தலையை நீட்டி, "பொன்னையா வீடு எங்க?" என்றார்.

கடைக்காரர் நிதானமாக வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "எந்தப் பொன்னையா? ஷெல்லில செத்த பொன்னையாட மனிசி வீடா, கச்சான் பொன்னையாவா?"

தங்கமலர் அக்கா என் முழங்கையைப் பிடித்தார். ஐந்து விரலும் பதிந்தது. "கச்சான்" என்றார். அவ்வளவுதான் வந்தது.

"அவர் தோட்டத்தில. குளத்து வாய்க்காலோட போங்க."

ஆட்டோ வாய்க்கால் கரையில் குதித்துக் குதித்துப் போனது. ஒரு திருப்பத்தில் அக்கா நிறுத்தச் சொன்னார். மேட்டுத் துண்டில் கடலைக் கொடிகளைப் பிடுங்கிக்கொண்டு ஒரு பெண் குனிந்திருந்தார். சத்தம் கேட்டு நிமிர்ந்தவர் அக்காவைக் கண்டதும் கையிலிருந்த கொடியைப் போட்டுவிட்டார்.

"இஞ்ச வாங்க! கெதியா இஞ்ச வாங்க!" என்று பின்பக்கம் பார்த்துக் கத்தினார்.

கொட்டிலுக்குப் பின்னாலிருந்து சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அறுபது வயது மதிக்கத்தக்க மெலிந்த மனிதர் வந்தார். பத்தடி தூரத்தில் நின்றார். கிட்ட வரவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து அவருடைய கால்களைப் பார்த்தார்.

"என்ன பொன்னையா அண்ணன், காலப் பாக்கிறீங்க?"

"நிலத்தில முட்டுதா எண்டு பாக்கிறன்."

"முட்டுது! மண் சுடுது! வாங்க எண்டு சொல்லுங்க முதல்ல!"

அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் அவருக்கு நம்பிக்கை வந்தது. அப்படியே வரம்பில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். யோகம் அக்கா ஓடிவந்து தங்கமலர் அக்காவைக் கட்டிப்பிடித்தார். இரண்டு பேரும் அழுதார்கள், சிரித்தார்கள், மறுபடி அழுதார்கள். நவாஸ் ஆட்டோவின் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். எனக்குத் துடைக்க ஒன்றும் இல்லை. குறிப்புப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றும் எழுதாமல் நின்றேன்.

சுனாமி வந்து ஒரு மாதத்துக்குப் பின் பொன்னையா பாலத்தைக் கடந்து நாவலடிக்குப் போயிருக்கிறார். தங்கமலர் அக்காவின் வீட்டுக்குப் போகும் ஒழுங்கை இருந்த இடத்தில் மணல். அங்கே நின்ற ஒருவர், 'இந்த ஒழுங்கையில ஒருத்தரும் மிஞ்சல்ல' என்று சொல்லியிருக்கிறார். அக்கா அப்போது மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் இருந்தார்.

"மறுகா..." என்று பொன்னையா இழுத்தார். மனைவியைப் பார்த்தார். "சொல்லட்டா?"

"சொல்லுங்க" என்றார் யோகம் அக்கா, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு.

"மாமாங்கத் தீர்த்தத்தில அப்பாவுக்கு எள்ளுந் தண்ணியும் இறைக்கிற நேரம், தங்கச்சி, உன்ட பேரையும் சொல்லி இறைச்சன். மூண்டு தரம். போன வருசமும்."

தங்கமலர் அக்கா இடுப்பில் கை வைத்தார். "உயிரோட இருக்கிறவளுக்கு எள்ளுந் தண்ணியுமா? அதுதான் போன வருசம் முழுக்க எனக்குத் தலையிடி! போன வருசம் நான் அதே குளத்துக்கு வடக்குப் பக்கம் கடை போட்டு இருந்தன் அண்ணன்!"

"வடக்குப் பக்கமா?" யோகம் அக்காவின் முகம் மாறியது. "மஞ்சள் படங்கு கட்டின கடையா?"

"ஓம். நான் பின்னுக்கு அடுப்போட. முன்னுக்குப் பக்கத்து வீட்டுப் புள்ள நிண்டு வித்தது."

யோகம் அக்கா கணவரைப் பார்த்தார். கணவர் வானத்தைப் பார்த்தார். கடைசியில் யோகம் அக்காதான் சொன்னார்: "அந்தக் கடையில நாங்க அல்வா வாங்கின. கசப்பு. 'ஆர் செஞ்சதோ, நாவலடித் தங்கச்சி இருந்திருந்தா இப்பிடி ஒரு பண்டம் செய்வாளா' எண்டு ஏசிக்கொண்டு போனாரு இந்த மனிசன்."

நவாஸ்தான் முதலில் வெடித்தார். பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. தங்கமலர் அக்கா சிரித்துச் சிரித்து வரம்பில் சரிந்தார். "உங்கட கச்சான் இல்லாம எப்பிடி அண்ணன் கசக்காம இருக்கும்?" என்று கேட்டுக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

பிறகு எனக்கு ஒரு பாடம் நடந்தது. பொன்னையா ஒரு செடியைக் காட்டினார். மஞ்சள் பூ மேலேதான் பூக்கும். வாடியதும் அதன் காம்பு குனிந்து தானாகவே மண்ணுக்குள் புகும். காய் அங்கேதான் பிடிக்கும். கடலை வேரில் காய்க்கிறது என்று நாற்பத்தாறு வயதுவரை நம்பியிருந்தேன். "பெயரே வேர்க்கடலைதானே" என்று வாதாடினேன். "பேர் வைச்சவன் கமக்காரன் இல்ல" என்றார் பொன்னையா.

2007 தை முதல் முகாமில் இருந்து, திரும்பி வந்து, வெறும் காட்டை வெட்டி அவர்கள் போட்ட இரண்டாவது சிறுபோகக் கடலை இது. போன வாரம் பிடுங்கிக் காய வைத்ததில் இரண்டு சாக்கை அவர் ஆட்டோவுக்குள் திணித்தார். எங்கள் மூன்று பேருக்கும் இடம் போதவில்லை. வீடு வரும்வரை சாக்கின் மேல் காலை மடித்துக்கொண்டு வந்தேன்.

திராய்மடுவில் அடுத்த ஒன்றரை நாள் அடுப்பு அணையவே இல்லை. என் தொழில் பெருமையைக் காட்ட ஒரு வார்ப்பை நானே காய்ச்சுகிறேன் என்று அகப்பையை வாங்கினேன். கொதிக்கும் பாகைக் கிளறிக்கொண்டே இருந்தேன். தொழிற்சாலையில் அதை இயந்திரம் செய்யும். எப்போது நிறுத்த வேண்டும் என்பதும் இயந்திரத்துக்குத் தெரியும். என் பாகு பூத்து, மணல் மணலாகத் திரும்பிப் போனது.

"பத்தொன்பது வருசம் எண்டு வரதன் சொன்னான்" என்றார் அக்கா, மிக மரியாதையாக. என் வார்ப்பு தேத்தண்ணிக்குக் கடிக்கும் சீனியாகப் பக்கத்து வீடுகளுக்குப் போனது.

நான் தேடி வந்த விடையையும் அன்றுதான் பிடித்தேன். அல்வாவைத் தட்டில் ஊற்றியதும் அக்கா வீட்டுக்குள் கொண்டு போகவில்லை. மேற்குப் பக்கம் திறந்த பந்தலில் வைத்தார். அந்தக் காய்ந்த கச்சான் காற்று ஈரத்தையெல்லாம் இழுத்துக்கொண்டு போனது. மார்கழியில் வாடைக் காற்றோடு மழை வந்தால் இதே அல்வா ஒரு மணி நேரத்தில் வேர்த்துப் போகுமாம். அதனால் மழைக்காலத்தில் அவர் காய்ச்சுவதே இல்லை. நாங்கள் மின்சாரம் கொட்டிக் குளிர் அறையில் உண்டாக்குவதை அவர் காலம் பார்த்துச் செய்கிறார். ஆடிக்கு மட்டும் இந்தப் பண்டம் ஏன் என்று இனி யாரும் என்னைக் கேட்கலாம்.

அமாவாசை. காலை ஐந்தரைக்கே மாமாங்கம் நிறைந்துவிட்டது. குளத்தைச் சுற்றிச் சனம், படிகளில் ஈர வேட்டிகள், தர்ப்பை, எள், நாதஸ்வரம், வளையல் கடை, பலூன், தும்பு மிட்டாய். வடக்குப் பக்கம் மஞ்சள் படங்கின் கீழ் அக்கா கச்சானைக் குவித்து, அல்வாப் பொட்டலங்களை அடுக்கினார். பொட்டலம் இருபது ரூபாய். என்னை முன்னால் நிறுத்தினார். பின்னால் அடுப்புப் பக்கம் வரக் கூடாது என்ற நிபந்தனையோடு.

ஏழரை மணி போல, தலை ஈரம் சொட்ட, நெற்றியில் திருநீறோடு பொன்னையாவும் யோகம் அக்காவும் வந்தார்கள்.

"இறைச்சாச்சா?" என்று கேட்டார் தங்கமலர் அக்கா.

"அப்பாவுக்கும் அம்மாவுக்கும். மத்தப் பொன்னையாவுக்கும் ஒரு கை. பாவம், என்ட பேரில செத்தவன்."

அக்கா ஒரு துண்டை உடைத்து அவரிடம் நீட்டினார். அவர் மென்றார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார். அக்கா கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டே நின்றார். வாடிக்கையாளர் இருவர் கூப்பிட்டும் திரும்பவில்லை.

"ம்ம்" என்றார் பொன்னையா. "இதுதான்."

பிறகு யாரும் கேட்காமலே அவர் கடைக்கு முன்னால் போய் நின்று, கறுத்தப் பாலம்வரை கேட்கும் குரலில் கூவத் தொடங்கினார்: "வாங்க, வாங்க! செத்துப் பிழைச்ச தங்கச்சிட கச்சான் அல்வா! கரடியனாத்துக் கச்சான்! சாப்பிட்டா எமன் கிட்ட வரமாட்டான்!"

"அண்ணன், வாய மூடுங்க!" அக்கா ஒரு தேசிக்காயை எடுத்து அவர் முதுகில் எறிந்தார். சனம் சிரித்தபடி கூடியது. ஏன் செத்தார், எப்படிப் பிழைத்தார் என்று கேட்டுக் கேட்டு வாங்கினார்கள். பொன்னையா ஒவ்வொரு தரமும் கதையைக் கொஞ்சம் நீட்டினார். பதினொன்றரைக்கு அல்வா ஒரு துண்டும் இல்லை.

அடுத்த நாள் விடியற்காலை ரயிலுக்கு அக்காவும் நவாஸும் வந்து ஏற்றிவிட்டார்கள். வரதனுக்கு ஒரு பொட்டலம், எனக்கு ஒரு பொட்டலம். தனக்கென்று ஒளித்து வைத்ததில் பங்கு என்று அக்கா சொன்னார். வண்டி நகரும்போதே அவருடைய கைத்தொலைபேசி அடித்தது. "ஓம், யோகம் அக்கா, ஏத்திட்டன்" என்பது மட்டும் எனக்குக் கேட்டது.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு நாளைக்கு எத்தனை டொஃபி உருள்கிறது என்று எனக்குத் தெரியும். அவற்றில் ஒன்றையாவது ஒருவர் வாயில் போடுவதை நின்று பார்த்ததில்லை. பெட்டி ஒட்டப்பட்டு லொறியில் ஏறியதும் எங்கள் வேலை முடிந்துவிடும். மாமாங்கத்தில் ஆறு மணி நேரம் முன்னால் நின்றபோது அத்தனை முகத்தையும் பார்த்தேன். பல் கட்டிய ஒருவர் கடைவாயில் ஒதுக்கி ஒதுக்கி உறிஞ்சினார். புதிதாகக் கல்யாணமான பெண் கணவனுக்குச் சின்னத் துண்டைக் கொடுத்துவிட்டுப் பெரியதை வைத்துக்கொண்டாள். வீதிக் கடமையில் நின்ற பொலிஸ்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தின்றார்.

வெலிகந்தையில் ரயில் சிறிது நேரம் நின்றது. என் பொட்டலத்தைப் பிரித்தேன். வாசனைக்கு எதிரிலும் பக்கத்திலும் இருந்த ஐந்து பேரும் திரும்பினார்கள். நீட்டினேன். எல்லோரும் எடுத்தார்கள். பெட்டி முழுக்கக் கடலை நொறுங்கும் சத்தம். எனக்கு ஒரு துண்டு மிஞ்சியது.